தொழில்முறைக் கொலையாளிகளைப் பற்றிய ஆக்‌ஷன் த்ரில்லர்களில் உங்களுக்குப் பிடித்தது எது, ஏன்? புதிதாகப் பார்ப்பவர் எதில் தொடங்கலாம்?

'ஏன்' என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தப் படங்களில் சுடுகிற காட்சியைவிட அதற்கு முன்னால் நடக்கும் வேலைதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஒருவன் வாயைத் திறக்காமல், பதறாமல், தன் தொழிலை ஒவ்வொரு படியாகச் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது மாதிரி. அது இல்லாத படத்தில் நூறு பேர் செத்து விழுந்தாலும் எனக்கு ஒன்றும் ஆவதில்லை.

அதனால் என் முதலிடம் 'தி டே ஆஃப் தி ஜாக்கல்', 1973இல் ஃப்ரெட் ஜின்னமன் இயக்கியது. பிரெஞ்சு அதிபர் சார்ல் து கோலைக் கொல்ல ஒருவனை அமர்த்துகிறார்கள், அவ்வளவுதான் கதை. து கோல் 1970இல் தன் வீட்டில் இயற்கையாக இறந்தவர், படம் வந்தபோது இது எல்லோருக்கும் தெரியும், அதாவது இவன் தோற்கப்போகிறான் என்று தெரிந்துகொண்டேதான் உட்கார்ந்திருக்கிறோம், ஆனாலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நகர முடியாது! சந்தையில் ஒரு தர்பூசணி வாங்குகிறான். அதில் முகம் வரைகிறான், வலைப்பையில் போட்டு மரக்கிளையில் தொங்கவிட்டு, தூரமாகப் போய்ச் சுடுகிறான். குறி கொஞ்சம் தள்ளிப் போகிறது. துப்பாக்கியின் தொலைநோக்கியைத் துளியூண்டு திருகுகிறான், மறுபடி சுடுகிறான், மறுபடி திருகுகிறான். கடைசியாக வேறு வகைக் குண்டு ஒன்றைப் போடுகிறான், பழம் சிதறிக் காணாமல் போகிறது. யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் அந்த நொடியில் எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

இதற்கு முன்னோடி என்றால் மெல்வில் இயக்கிய 'லெ சாமுராய்' (1967). முதல் பத்து நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட வசனமே கிடையாது. கொலையாளியாக வரும் அலென் டெலோன் ஒரு காரைத் திருட உட்கார்ந்து, பெரிய வளையத்தில் கோத்த சாவிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார், முகமோ நேராகச் சாலையைப் பார்த்தபடி. கூண்டில் ஒரு குருவியும் உண்டு, அதைக் கவனித்துக்கொண்டே இருங்கள், அதற்கு மேல் சொன்னால் கெடுத்துவிடுவேன்.

சரி, அடிதடிதான் வேண்டும் என்றால் 'ஜான் விக்' (2014) முதல் பாகம். இயக்குநர் சாட் ஸ்டாஹெல்ஸ்கி, 'தி மேட்ரிக்ஸ்' படத்தில் கியானு ரீவ்ஸுக்கு டூப் போட்ட ஸ்டண்ட் கலைஞர். சண்டை தெரிந்தவர் என்பதால் கேமராவை ஆட்டி, வெட்டி வெட்டி ஏமாற்ற வேண்டிய தேவை அவருக்கு இல்லை, யார் யாரை எப்படி வீழ்த்தினார் என்பது முழுசாகத் தெரியும். குண்டு தீர்ந்தால் மேகசின் மாற்றியாக வேண்டும், அந்த இரண்டு நொடிதான் பயம். இரண்டாம் பாகத்தில் குண்டு துளைக்காத கோட் வந்ததும் அந்தப் பயம் எனக்குப் பாதி போய்விட்டது, ரசிகர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

அப்புறம் மைக்கேல் மேனின் 'கொலாட்டரல்' (2004). ஒரே இரவு, ஒரு டாக்சி, லாஸ் ஏஞ்சல்ஸ். டாம் குரூஸ் வில்லனாக வந்து அசத்திய படம். நடுவில் ஒரு கொயோட், அதாவது நரி மாதிரியான காட்டு விலங்கு, சாலையைக் கடக்கும், டிரைவரும் கொலையாளியும் பேச்சை நிறுத்திவிட்டு அதையே பார்ப்பார்கள். கதைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஆனால் அந்த ஆள் உள்ளுக்குள் எவ்வளவு காலியாக இருக்கிறான் என்பது அங்கேதான் எனக்கு உறைத்தது.

புதிதாகப் பார்ப்பவர் 'கொலாட்டரல்' படத்தில் தொடங்கலாம், வேகமாகப் போகும், இழுக்காது. 'ஜாக்கல்' இரண்டாவதாக இருக்கட்டும். அதற்கு மட்டும் போனை வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள், தர்பூசணி வாங்கும் இடத்தில் கண்ணை எடுத்தால் போச்சு.