நீச்சல் தெரியாமல் ராஃப்டிங் போகலாமா?

நீச்சல் தெரியாது, நண்பர்கள் ராஃப்டிங்குக்கு, அதாவது வேகமான ஆற்றில் ரப்பர் படகில் போக, கிரேடு 4 ஆற்றுக்குக் (ஆற்றின் சீற்றத்தை 1 முதல் 6 வரை சொல்லும் அளவில் 4) கூப்பிடுகிறார்கள், விழுந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் தடவைக்கு 4 வேண்டவே வேண்டாம், 2 அல்லது 3 உள்ள பகுதியாகப் பாருங்கள்; இருபுறமும் பாறைச் சுவராக நிற்கும் இடமும் வேண்டாம், அங்கே பாதியில் கரையேற வழி இருக்காது. லைஃப் ஜாக்கெட்டைப் போட்டதும் அதன் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பார்க்க ஒருவரிடம் சொல்லுங்கள், அது காது வரை ஏறினால் வார்களை இன்னும் இறுக்க வேண்டும். விழுந்துவிட்டால் மல்லாந்து, கால்களை நீரோட்டம் போகும் பக்கம் நீட்டி, கால்விரல் தண்ணீருக்கு மேலே தெரிகிற மாதிரி மிதந்து போங்கள். இடுப்பளவு தண்ணீர்தானே என்று எழுந்து நிற்கவே கூடாது, பாறை இடுக்கில் பாதம் மாட்டினால் வேகமான தண்ணீர் ஆளை அப்படியே குப்புற அமுக்கிவிடும். அப்புறம், கயிறு வீசினால் இறுகப் பிடியுங்கள், ஆனால் அதைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். நீச்சல் தெரியாததைக் கிளம்பும் முன்பே வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள், கூச்சமே வேண்டாம்.