ஹவாய் க்ரூஸுக்கு எத்தனை நாள் முன்னாடி போகணும்? முடிஞ்ச அன்னிக்கே ஊர் திரும்பலாமா?

நீங்க கேட்டது இதான்: நியூ ஜெர்சில இருந்து ஹவாய்ல ஏழு நாள் க்ரூஸ், கூட ஊர்ல இருந்து வந்திருக்கற அப்பா அம்மா, ரெண்டு பசங்க. சனிக்கிழமை கப்பல் ஏறி அடுத்த சனிக்கிழமை இறங்கணும், லீவு கம்மி, அதனால கிளம்பற அன்னிக்கே பறந்து போய் ஏறிட்டு, இறங்கின அன்னிக்கே வீட்டுக்கு ஃப்ளைட் புடிச்சிடலாமான்னு.

போறப்ப வியாழக்கிழமையே கிளம்பிடுங்க, அதுல கை வெக்காதீங்க. திரும்பறப்ப சனிக்கிழமையே ஹவாய விட்டு கிளம்பலாம், ஆனா அப்பா அம்மாவோட ராத்திரி ஃப்ளைட் வேணாம், அதுக்கு வேற வழி இருக்கு. நானும் உங்க நியூ ஜெர்சி நெவார்க் ஏர்போர்ட்ல இருந்து எங்க அப்பா அம்மாவ கூட்டிட்டு இதே கப்பலுக்குப் போய்ட்டு வந்தவன்தான், அதனால கொஞ்சம் விவரமாவே எழுதறேன்.

நீங்க சொல்றத வெச்சுப் பாத்தா ப்ரைட் ஆஃப் அமெரிக்கா கப்பலாத்தான் இருக்கணும், நார்வீஜியன் கம்பெனியோடது. சனிக்கிழமை சாயங்காலம் 7 மணிக்கு ஹொனலுலுல கிளம்பும், ஞாயிறு காலைல மாவி தீவுல கஹுலுயி, அங்க ஒரு ராத்திரி நின்னுட்டு திங்கள் சாயங்காலம் கிளம்பி, பெரிய தீவுல செவ்வாய் ஹீலோ, புதன் கோனா, வியாழன் காவாய் தீவு, அங்கயும் ஒரு ராத்திரி. வெள்ளிக்கிழமை மத்தியானம் கிளம்பி நா பாலி மலைச்சரிவ கடல்ல இருந்தே காட்டிட்டு, சனிக்கிழமை காலைல 7 மணிக்கெல்லாம் மறுபடி ஹொனலுலு. நீங்க இறங்கற அன்னிக்கு சாயங்காலமே அடுத்த ரெண்டாயிரம் பேர ஏத்திட்டு கிளம்பிடும்.

விசா பத்தி நீங்க கேக்கல, ஆனா எச்1பி வேலை விசால இருக்கறவங்க எல்லாரும் கேக்கறதால சொல்லிடறேன். இது அமெரிக்கக் கொடி கட்டின கப்பல். 1886ல போட்ட ஒரு சட்டம் இன்னும் இருக்கு, வெளிநாட்டுக் கொடி கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளயே ஆள ஏத்தி இறக்கிட்டு சுத்த முடியாது, நடுவுல வெளிநாட்டத் தொட்டாகணும். அதனாலதான் லாஸ் ஏஞ்சல்ஸ்ல இருந்து ஹவாய் போற கப்பல் எல்லாம் மெக்சிகோல என்செனாடாவ தொட்டுட்டு வருது. உங்க கப்பல் ஹவாய விட்டு எங்கயும் போகாது, அமெரிக்காவ விட்டு வெளிய போனதாவே ஆகாது, அதனால பாஸ்போர்ட்ல இருக்கற விசா ஸ்டாம்ப் காலாவதி ஆகியிருந்தாலும் திரும்ப உள்ள வர்றதப் பத்தின கவலை இல்ல. ஆனா பாஸ்போர்ட், ஐ-94 (உள்ள வந்ததுக்கான பதிவு), ஐ-797 (விசா அப்ரூவல்) பேப்பர் எல்லாம் கையில இருக்கணும், அப்பா அம்மா பாஸ்போர்ட்டும்தான்.

இப்ப போற நாளுக்கு வருவோம். கப்பல் சாயங்காலம் 7 மணிக்குத்தானே, நெவார்க்ல காலைல ஏறினா மத்தியானம் ரெண்டு மூணு மணிக்கு ஹொனலுலு, அங்க இருந்து துறைமுகம் கார்ல இருபது நிமிஷம்னு கணக்கு போட்டா சரியா வர்ற மாதிரிதான் இருக்கும். ஆனா கப்பல் ஏறற வாசல 7 மணி வரைக்கும் திறந்து வெச்சிருக்க மாட்டாங்க, ரொம்ப முன்னாடியே செக்-இன் மூடிடுவாங்க, உங்க க்ரூஸ் டிக்கெட்ல அந்த டைம் போட்டிருக்கும், அதப் பாருங்க. அப்பறம் அந்த ஃப்ளைட் பதினோரு மணி நேரம், எதிர்க்காத்துல போகுது. காலைல நெவார்க்ல ரெண்டு மணி நேரம் லேட்டானா அதுக்கப்பறம் அன்னிக்கு வேற நேர் ஃப்ளைட் கிடைக்காது, வேற ஊர் மாறிப் போனா ராத்திரிதான் போய்ச் சேருவீங்க. ஜனவரி ஃபிப்ரவரின்னா பனி வேற.

எங்க ஃப்ரெண்டு ஒருத்தருக்கு இதான் ஆச்சு. சான் ஃப்ரான்சிஸ்கோல ஃப்ளைட் மாறணும், காலைல அங்க மூடுபனி, முதல் ஃப்ளைட் லேட்டாகி அடுத்தத விட்டு, ஹொனலுலுல இறங்கறப்ப ராத்திரி 9 மணி, கப்பல் கிளம்பி ரெண்டு மணி நேரம் ஆச்சு. க்ரூஸ் கம்பெனியோட அவசர நம்பருக்கு கூப்பிட்டு, ராத்திரிக்கு ஹோட்டல் எடுத்து, ஞாயிறு காலைல முக்கால் மணி நேர லோக்கல் ஃப்ளைட்ல கஹுலுயி போய் அங்க கப்பல் ஏறினாங்க. மாவில ரெண்டு நாள் நிக்கற கப்பலா இருந்ததாலயும், அமெரிக்கக் கொடி கப்பலா இருந்ததாலயும் தப்பிச்சாங்க. மத்த கப்பல்னா அந்த 1886 சட்டமே இடிச்சிருக்கும். புது டிக்கெட் செலவு போனா போகுது, அந்த ராத்திரி முழுக்க ரெண்டு குழந்தைங்கள வெச்சுக்கிட்டு தூங்காம இருந்திருக்காங்க. எழுபது வயசு ஆளுங்கள அப்படி நிக்க வைக்கக் கூடாதுன்னுதான் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்.

வெள்ளிக்கிழமை போனா போதாதான்னு கேட்டீங்கன்னா, நீங்களும் உங்க வைஃபும் மட்டும்னா தாராளமா போதும். கலிஃபோர்னியாவுல இருக்கற சின்னப் பசங்க, செக்-இன் பெட்டி இல்லாம, முதல் நேர் ஃப்ளைட்ல சனிக்கிழமை காலைலயே போறாங்கன்னா கூட நான் சரின்னுதான் சொல்லுவேன். உங்களுக்கு வியாழக்கிழமை சொல்றதுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு பெட்டி. ஒரு பெட்டி வராம போனா பெரும்பாலும் அடுத்த நாள் ஃப்ளைட்ல வந்துடும், வியாழக்கிழமை தொலைஞ்சது கப்பல் ஏறறதுக்கு முன்னாடி கைக்கு வரும், வெள்ளிக்கிழமை தொலைஞ்சா அது உங்களுக்குப் பின்னாடியே தீவு தீவா சுத்தும். இன்னொண்ணு தூக்கம். ஹவாய்ல கோடை நேர மாத்தமே கிடையாது, அதனால வெயில் காலத்துல நியூ ஜெர்சிய விட ஆறு மணி நேரம் பின்னாடி, குளிர்காலத்துல அஞ்சு மணி நேரம். எங்க அம்மா முதல் நாள் சாயங்காலம் ஆறரைக்கு கட்டில்ல உக்காந்தவங்க அப்படியே சாஞ்சுட்டாங்க, விடியக்காலம் ரெண்டரைக்கு எழுந்து லைட் போடாம ஜன்னல் பக்கத்துல உக்காந்து ஜபமாலைய உருட்டிட்டு இருந்தாங்க. ரெண்டாவது ராத்திரி நாலரை வரைக்கும் தூங்கினாங்க. அந்த ரெண்டாவது ராத்திரிய கரையில கழிச்சிட்டு கப்பல் ஏறினா ஆளே வேற.

வியாழக்கிழமை மத்தியானம் இறங்கறது ஹோட்டலுக்கும் ஒத்துப் போகும், மூணு மணிக்குத்தான் ரூம் குடுப்பாங்க. ஹொனலுலுல பீச் பக்கத்துல இருக்கற வைக்கீக்கிலயே எடுங்க, ரிசார்ட் ஃபீன்னு தனியா ஒண்ணு போடுவாங்க, அதையும் சேத்துப் பாத்து விலைய ஒப்பிடுங்க. தெருவுக்குத் தெரு ஏபிசி ஸ்டோர் இருக்கும், தயிர், பழம், பிரெட் எல்லாம் அங்கயே கிடைக்கும், முதல் நாள் ராத்திரி ரெஸ்டாரன்ட் தேடிக்கிட்டு அலைய வேணாம்.

வெள்ளிக்கிழமை காலைல எப்படியும் எல்லாரும் சீக்கிரம் முழிச்சிருப்பீங்க, பேர்ல் ஹார்பர அன்னிக்கு வெச்சுக்கோங்க. யுஎஸ்எஸ் அரிசோனா நினைவிடத்துக்கு படகுல கூட்டிட்டுப் போவாங்க, டிக்கெட் இலவசம்தான், ஆனா ரெக்ரியேஷன் டாட் கவ் வெப்சைட்ல எட்டு வாரம் முன்னாடி திறக்கும், சீக்கிரம் தீந்துடும். 1941 டிசம்பர் 7ல ஜப்பான் குண்டு போட்டு மூழ்கின போர்க்கப்பல் அது, 1,177 பேர் அதுலயே போய்ட்டாங்க, இன்னும் அடியில இருந்து எண்ணெய் சொட்டு சொட்டா மேல வந்துட்டே இருக்கு. தண்ணிக்கு மேல வந்ததும் அந்தச் சொட்டு விரிஞ்சு நீலமும் ஊதாவுமா படலமா ஆகி மெதுவா நகர்ந்து போகும். எங்க அப்பா கம்பிய புடிச்சுட்டு அதையே பாத்துட்டு நின்னாரு, படகு கிளம்பறாங்கன்னு கூப்பிட்டப்பதான் திரும்பினாரு. அங்க கைப்பை கூட உள்ள விட மாட்டாங்க, அதனால கப்பல விட்டு இறங்கற அன்னிக்கு பெட்டியோட போய்ப் பாத்துக்கலாம்னு தள்ளிப் போடாதீங்க. டைமண்ட் ஹெட் மலை ஏறணும்னா காலைல 6 மணிக்கு திறப்பாங்க, வெளியூர்க்காரங்களுக்கு 2022ல இருந்து ரிசர்வேஷன் கட்டாயம், கடைசில படி செங்குத்தா இருக்கும், பெரியவங்க கடற்கரையிலயே இருக்கட்டும்.

சனிக்கிழமை ஹோட்டல்ல 11 மணிக்கு காலி பண்ணிட்டு நேரா துறைமுகம் போய்டுங்க, பெரும்பாலும் ரெண்டாம் நம்பர் கப்பல் மேடை (பியர் 2) தான், டிக்கெட்ல ஒரு தடவை பாத்துக்கோங்க. பெட்டிய வாசல்லயே வாங்கிப்பாங்க, அது ரூமுக்கு வர சாயங்காலம் ஆகலாம், மாத்திரையும் ஒரு செட் துணியும் கைப்பையில இருக்கணும். சுகர் மாத்திரை சாப்பிடறவங்கன்னா ஆறு மணி நேர வித்தியாசத்துக்கு எப்படி எடுக்கணும்னு கிளம்பறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வாங்கிக்கோங்க.

ஒரு சின்ன விஷயம், இந்த சீக்கிரம் முழிக்கற உடம்பு திங்கக்கிழமை வரைக்கும் கொஞ்சம் ஒட்டிட்டு இருக்கும், அத மாவில பயன்படுத்திக்கலாம். ஹலேயாகலா மலை உச்சியில சூரிய உதயம் பாக்க திங்கள் விடியக்காலம்தான் சரியான நாள், கார்ல போக ரிசர்வேஷன் வேணும், அறுபது நாள் முன்னாடி திறக்கும். பத்தாயிரம் அடி உயரம், நடுங்கும், ஜாக்கெட் எடுத்துட்டுப் போங்க.

இனி திரும்பற நாள், எல்லாரும் சொதப்பறது இங்கதான். காலைல 7 மணிக்கு கப்பல் வந்துடும், ஒம்போது ஒம்போதரைக்குள்ள எல்லாரையும் இறக்கிடுவாங்க. நெவார்க் பக்கம் போற நேர் ஃப்ளைட் எல்லாம் மத்தியானத்துக்கு மேலயோ ராத்திரியோ கிளம்பி மறுநாள் காலைல இறக்கும். அது யார் குத்தமும் இல்ல, காலைல கிளம்பினா கூட பத்து மணி நேரப் பறப்பும் ஆறு மணி நேர வித்தியாசமும் சேந்து நடுராத்திரிதான் வரும். ஆக காலைல இருந்து ராத்திரி வரைக்கும் பெட்டியும் கையுமா எங்கயாவது இருக்கணும், அதுக்கப்பறம் ராத்திரி முழுக்க உக்காந்துட்டே வரணும். பெட்டிய வாடகைக் கார் டிக்கில போட்டுட்டு ஊர் சுத்தலாம்னு சிலர் சொல்லுவாங்க, ஹவாய்ல பீச் பார்க்கிங்லயும் மலைப்பாதை பார்க்கிங்லயும் கார் கண்ணாடிய உடைக்கற திருட்டு சர்வசாதாரணம், பாஸ்போர்ட்டோட அந்த ரிஸ்க் வேணாம். ஒரு ராத்திரி தங்கிட்டு ஞாயித்துக்கிழமை போகலாம்னா அதுவும் ராத்திரி ஃப்ளைட்தான், திங்கக்கிழமை காலைல இறங்குவீங்க, லீவும் ஒண்ணு கூடப் போகும்.

நாங்க பண்ணினது என்னன்னா, சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணி வாக்குல லாஸ் ஏஞ்சல்ஸ் ஃப்ளைட். கப்பல விட்டு இறங்கி நேரா ஏர்போர்ட், நடுவுல அலைச்சலே இல்ல. அஞ்சு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல, அங்க ராத்திரி 9 மணி சுமாருக்கு இறங்கி ஏர்போர்ட் பக்கத்து ஹோட்டல்ல படுத்துட்டு, ஞாயிறு காலைல நெவார்க் ஃப்ளைட், சாயங்காலம் வீடு. அம்மா பிளேன்ல "இன்னும் எவ்ளோ நேரம்டா உக்காரணும்"னு ரெண்டு தடவ கேட்டாங்க, அதுக்குள்ள இறங்கியாச்சு. இத ஒரே டிக்கெட்டா தேடினா வெப்சைட் காட்டாம போகலாம், அப்படின்னா ரெண்டு தனி டிக்கெட்டா எடுங்க, நடுவுல ஒரு ராத்திரி இருக்கறதால கனெக்ஷன் விட்டுடுமோங்கற பயம் இல்ல. ஹோட்டல் செலவு கூடத்தான், ஆனா ஹொனலுலுல பகல் பூரா ஆறு பேருக்கு ஆகற செலவையும் போட்டுப் பாருங்க. வீல்சேர் வேணும்னா ரெண்டு ஏர்லைன்லயும் டிக்கெட் போடறப்பவே சொல்லிடுங்க, கப்பல்ல இறங்கறதுக்கு வெள்ளிக்கிழமையே கெஸ்ட் சர்வீஸ்ல சொல்லி வைங்க, காலைல போய் கேட்டா க்யூ நீளமா இருக்கும். பெட்டிய வெள்ளிக்கிழமை ராத்திரியே ரூமுக்கு வெளிய வெக்கச் சொல்லுவாங்க, மறுநாள் போட்டுக்கற துணி, செருப்பு, மாத்திரை எல்லாம் வெளிய எடுத்து வெச்சுட்டு பூட்டுங்க. யாராவது ஸ்கூபா டைவிங் போறதா இருந்தா வெள்ளிக்கிழமை வேணாம், முங்கினதுக்கும் பறக்கறதுக்கும் நடுவுல 18 மணி நேரமாவது இருக்கணும். ஸ்நார்க்கலிங்னா பரவால்ல.

லீவு கணக்கு: வியாழன் கிளம்பினா மொத்தம் ஏழு நாள் போகும். மெமோரியல் டே, லேபர் டே வார இறுதில கப்பல் ஏறினா திங்கள் லீவு, அதனால ஆறு. தேங்க்ஸ்கிவிங் வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை ஏறினா வியாழன் லீவு, நிறைய ஆஃபீஸ்ல வெள்ளியும் லீவு, அஞ்சுல முடிஞ்சுடும், விலைதான் கூட இருக்கும். பசங்க பப்ளிக் ஸ்கூல்னா நவம்பர் தொடக்கத்துல டீச்சர்ஸ் கன்வென்ஷனுக்கு வியாழன் வெள்ளி விடுவாங்க இல்லயா, அந்த வியாழன் கிளம்பினா ஸ்கூல் அஞ்சு நாள்தான் போகும். எனக்குப் புடிச்சது அந்த வாரம்தான், நெவார்க்ல பெரிய பனியும் வராது. எப்படிப் போட்டும் ஒரு நாள் இடிக்குதுன்னா பின்னாடி பக்கம் குறைச்சுக்கோங்க, முன்னாடி பக்கம் வேணாம்.

கடைசியா, ஹொனலுலு ஏர்போர்ட்ல செக்-இன்னுக்கு முன்னாடியே விவசாயத் துறைக்காரங்க எல்லாப் பெட்டியையும் ஸ்கேன் பண்ணுவாங்க, சனிக்கிழமை அங்க வரிசை இருக்கும், அதுக்கும் சேத்து நேரம் வெச்சுக்கோங்க. மாம்பழம் விட மாட்டாங்க, யார் தோட்டத்துலயாவது கறிவேப்பிலை பறிச்சுக் குடுத்தா அதையும் பெட்டியில வெக்காதீங்க. அன்னாசியும் தேங்காயும் கொண்டு வரலாம், ஏர்போர்ட்லயே அன்னாசி டப்பால போட்டு விப்பாங்க.