சொனோமா லேப் நேரங்கள் 2019-ல் எகிறுவது ஏன்?

வருட வாரியான உங்கள் லேப் நேர (ஒரு சுற்றுக்கான நேரம்) அட்டவணையில் தப்பில்லை, டிராக்தான் வேறு. கலிபோர்னியாவின் சொனோமா டிராக்கில் நடக்கும் நாஸ்கார் (அமெரிக்கக் கார் பந்தயத் தொடர்) போட்டி 2018-ல் ஓடியது ஏறக்குறைய 1.99 மைல் தடத்தில், 2019-ல் 2.52 மைல் முழுத் தடத்தில். ஒரு சுற்றுக்கு அரை மைலுக்கு மேல் கூடினால் நேரமும் கூடத்தான் செய்யும்.

1989-ல் முதல் போட்டி (ரிக்கி ரட் ஜெயித்தது) முழுத் தடத்தில்தான் நடந்தது. 1998-ல் 4-ஆம் வளைவிலிருந்து நேரே 7-க்கு 'சூட்' என்ற குறுக்குப்பாதை போட்டார்கள். அதனால் 'கரோசல்' என்ற அந்த நீளமான, அழகான வளைவு போயிற்று. என்னைக் கேட்டால் அது பெரிய இழப்பு. 2019, 2021 இரண்டிலும் அது திரும்ப வந்தது. 2020-ல் கோவிட், போட்டியே இல்லை. 2022-ல் மறுபடி சூட்.

சரிபார்க்க சுலபமான வழி: மொத்தச் சுற்று எண்ணிக்கையைப் பாருங்கள். 110 என்றால் குட்டைத் தடம். 90 என்றால் முழுத் தடம். 2021-க்கு 92 என்று இருந்தால் குழம்ப வேண்டாம், கூடுதல் சுற்றுகள் ஓடினார்கள். தொடக்க கால முழுத் தடப் போட்டிகளில் 74 இருக்கும்.

போட்டியின் பெயரில் ('டொயோட்டா/சேவ் மார்ட் 350') வரும் 350 கிலோமீட்டர் கணக்கு. மைல் என்று எடுத்துச் சராசரி வேகம் போட்டால் எல்லாம் கோணலாகிவிடும்.

இன்னொன்று, 2024 போட்டிக்கு முன் தடத்துக்குப் புதுத் தார் போட்டார்கள். அதனால் 2022, 2023 நேரங்களோடு 2024-ஐ ஒப்பிடும்போதும், ஒரே தடம்தானே என்று நேரடியாக வைக்காதீர்கள்.