ரப்பர் இலையில் ஊறும் தேன்: கேள்வி பதில்

மார்த்தாண்டம் பக்கத்தில் பல ஆண்டுகளாகத் தேன்பெட்டி வைத்திருக்கிறேன். நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் விடைகள் கீழே உள்ளன.

சேலத்திலிருந்து ஓர் இல்லத்தரசி: ஐயா, வாங்கிய தேன் இரண்டே மாதத்தில் சர்க்கரைபோல் உறைந்துவிட்டது. கலப்படமா?

உறைந்ததை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாதம்மா. தேனில் உள்ள இரு முக்கியச் சர்க்கரைகளில், பிரக்டோஸைவிடக் குளுக்கோஸ் நீரில் குறைவாகக் கரைவதால் அதுவே முதலில் மணிமணியாகப் பிரிந்து அடியில் படிகிறது. குளுக்கோஸ் மிகுந்த எங்கள் ரப்பர் தேன் விரைவாகவே உறையும். புட்டியை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் இளகிவிடும். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடாதீர்கள், மணமும் நொதிகளும் கெட்டுவிடும்.

அதே ஊரிலிருந்து மற்றொருவர்: எறும்பு மொய்க்காவிட்டால் சுத்தத் தேன்தானே?

இல்லை. எறும்பு நல்ல தேனையும் தேடி வரும். அதற்கு அஞ்சித்தான் பெட்டி நிற்கும் காலைச் சுற்றி நீர்க்கிண்ணம் வைக்கிறோம். நீரில் விட்டுப் பார்க்கும் சோதனையும் பயனற்றது. கெட்டியான சர்க்கரைப் பாகும் அடியில்தான் போய் நிற்கும். ஆய்வகச் சோதனை ஒன்றே நம்பத்தக்கது.

மதுரைக் கல்லூரி மாணவர்: ரப்பர் மரத்தில் தேன் எப்படி? அது பூக்கும் காலத்திலா?

பூவிலிருந்து அன்று, தம்பி. இலை உதிர்ந்த மரங்கள் ஜனவரியிலிருந்து துளிர்க்கும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்பில் வந்து கூடும் இடத்தில் உள்ள சுரப்பிகளில் இனிப்பு நீர் ஊறும். காலையில் ஓர் இளந்தளிரை வளைத்துப் பாருங்கள். அந்தக் கணுவில் ஊசிமுனை அளவுத் துளிகள் மின்னும், நாவில் வைத்தால் இனிக்கும். இத்தகைய இனிப்பு நீரில் பெரும்பகுதி தண்ணீரே. தேனீ அதைத் தன் தேன்பையில் சுமந்து வந்து கூட்டிலுள்ள தேனீக்களிடம் வாய்வழியாகக் கொடுக்க, அவை நொதி சேர்த்து அறைகளில் பரப்பி, இரவெல்லாம் சிறகால் விசிறி, ஈரத்தை ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்த பிறகே மெழுகால் மூடும். இரவில் பெட்டியில் காதை வைத்தால் அந்த இரைச்சல் கேட்கும். எனக்கு அதைவிட இனிய ஓசை வேறில்லை. மூடாத அடையை அவசரப்பட்டுப் பிழிந்தால் தேன் புளித்துவிடும்.

கூடலூரிலிருந்து ஒரு விவசாயி: மலைத்தேனீயைப் பெட்டியில் வளர்க்கலாமா?

இயலாது. அது பாறையிலும் உயர்ந்த மரக்கிளையிலும் வெட்டவெளியில் ஒரே பெரிய அடை கட்டும் இனம். இருண்ட பொந்தில் அடுக்கடுக்காக அடை கட்டும் அடுக்குத் தேனீயே பெட்டிக்கு இசையும். 1910களில் நியூட்டன் பாதிரியார் அதற்கென வடிவமைத்த சிறு பெட்டியைத்தான் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறோம். 1991-92இல் தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பரவியபோது, புழுக்கள் நீர் கோத்த பைபோலாகி மடிந்து, இந்த இனத்தின் கூட்டங்களில் பெரும்பாலானவை அழிந்தன. தப்பிய கூட்டங்களிலிருந்து மீண்டும் பெருக்கியவைதாம் எங்கள் பெட்டிகளில் இருப்பவை. ஆகவே, கூட்டம் வாங்கும்போது புழு அடையைத் தூக்கிப் பார்த்தே வாங்குங்கள்.

ஓர் ஆசிரியை: ஆண் தேனீக்குத் தந்தை இல்லை என்பது உண்மையா?

உண்மை. ராணி கருவுறாமல் இடும் முட்டையே ஆணாகிறது. அதற்குத் தந்தை இல்லை. ஆனால் தாய்வழித் தாத்தா உண்டு.

திருநெல்வேலியிலிருந்து ஒரு பாட்டி: பிறந்த பேரனுக்கு நாவில் தேன் தொட்டுச் சேனை வைக்கலாமா?

வேண்டாம் அம்மா. எவ்வளவு தூய தேனிலும் கிளாஸ்ட்ரிடியம் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர்களின் குடலில் அவை முளைப்பது அரிது. ஓராண்டு நிறையாத குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைத் தளரச் செய்யும் நஞ்சைச் சுரக்கலாம். என் பேத்திக்கு என் சொந்தப் பெட்டித் தேனைக்கூட முதல் பிறந்தநாள் கழிந்த பிறகுதான் நாவில் தொட்டு வைத்தேன்.