அடைப்பு எத்தனை சதவீதம் என்று ரத்தம் சொல்லுமா? கேள்வி பதில்

இதயத் தமனி அடைப்பையும் அதற்காக எடுக்கும் ரத்தப் பரிசோதனைகளையும் பற்றி வந்த கேள்விகளுக்கு ஆய்வகத் துறையிலிருந்து பதில்கள். இப்போது நெஞ்சு வலி இருப்பவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: சார், அப்பாவுக்கு வயது 58. மாடிப்படி ஏறினால் நெஞ்சை அடைக்கிறது, நின்றால் சரியாகிவிடுகிறது. மாஸ்டர் செக்கப்பில் டிரோபோனின் ‘நெகட்டிவ்’. அப்படியானால் பிளாக் இல்லைதானே?

பதில்: அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. டிரோபோனின் இதயத் தசைக்குள் இருக்கும் புரதம். தசைச் செல் சேதமடைந்தால்தான் ரத்தத்தில் கசியும். குழாய் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. பல ஆண்டுகளாக மெல்ல மெல்ல 80 சதவீதம் அடைத்த குழாய்கூட, ஆள் உட்கார்ந்திருக்கும்போது தசைக்கு வேண்டிய ரத்தத்தைக் கொடுத்துவிடும். அன்றைக்கு டிரோபோனின் இயல்பாகவே வரலாம். மறுபக்கம், 40 சதவீதம் மட்டுமே அடைத்திருந்த கொழுப்புத் திட்டு ஒருநாள் வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து குழாயை மூடிவிட்டால், சில மணி நேரத்தில் டிரோபோனின் ஆயிரக்கணக்கில் ஏறும்.

உழைத்தால் வந்து, ஓய்வெடுத்தால் போகும் நெஞ்சடைப்பு என்பது ஆஞ்சைனாவின், அதாவது இதயத் தசைக்கு ரத்தம் போதாமல் வரும் வலியின், நேரடி அடையாளம். அந்த அறிகுறிக்கு முன்னால் ‘நெகட்டிவ்’ தாளுக்கு மதிப்பில்லை. இதய மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஈசிஜி, எக்கோ, பிறகு அவர் முடிவுப்படி டிரெட்மில் அல்லது சி.டி. ஆஞ்சியோ. முன்பைவிடக் குறைவான படிகளிலேயே வலி வந்தாலோ, சும்மா இருக்கும்போது வந்தாலோ, அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: மாமாவுக்கு இரவு 10 மணிக்கு நெஞ்சு வலி. 11 மணிக்கு ஒரு சின்ன மருத்துவமனையில் டிரோபோனின் கார்டு டெஸ்ட் எடுத்து, நெகட்டிவ், கேஸ் வலிதான் என்று அனுப்பிவிட்டார்கள். காலையில் ஹார்ட் அட்டாக். டெஸ்ட் தப்பா?

பதில்: டெஸ்ட் சரியாகவே வேலை செய்திருக்கலாம்; எடுத்த நேரம்தான் பிழை. பழைய வகை டிரோபோனின் பரிசோதனையில் அளவு ஏறித் தெரிய 3 முதல் 6 மணி நேரம் ஆகும். ஹை சென்சிட்டிவிட்டி வகை இன்னும் முன்னதாகவே காட்டும். அதிலும் வலி தொடங்கி ஒரு மணி நேரத்தில் எடுத்த ஒரே மாதிரியை வைத்து யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 0/1 மணி நேர முறையைப் பாருங்கள். ஹை சென்சிட்டிவிட்டி டிரோபோனின்-டி பரிசோதனையில், வலி தொடங்கி 3 மணி நேரத்துக்கு மேல் ஆகி, முதல் மாதிரி லிட்டருக்கு 5 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் மாரடைப்பு இல்லை எனலாம். 52-ஐத் தொட்டால் மாரடைப்பு என்றே கருதி நடவடிக்கை எடுப்பார்கள். இடையில் இருந்தால் ஒரு மணி நேரம் கழித்து இரண்டாவது மாதிரி: முதல் அளவு 12-க்குக் கீழே இருந்து, வித்தியாசம் 3-க்கும் குறைவு என்றால் இல்லை; வித்தியாசம் 5 அல்லது அதற்கு மேல் என்றால் உண்டு. எதிலும் சேராதவர்களைக் கண்காணிப்பில் வைத்து 3-வது மணி நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். இந்த எண்களை ‘டிரோபோனின் ஐ’ (I) என்ற இன்னொரு வகையின் ரிப்போர்ட்டுக்குப் பொருத்தாதீர்கள். அங்கே ஒவ்வொரு நிறுவனத்தின் கிட்டுக்கும் வெட்டு எல்லை வேறு.

நடைமுறையில் கெடுவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான். டியூப்பில் ரத்தம் எடுத்த நேரம் எழுதியிருக்காது. முதல் மாதிரி ஒரு லேப், இரண்டாவது வேறு லேப் என்று போனால் ஏற்ற இறக்கத்தை ஒப்பிடவே முடியாது. அலகுக் குழப்பமும் உண்டு: மில்லிலிட்டருக்கு 0.014 நானோகிராம் என்பதும் லிட்டருக்கு 14 நானோகிராம் என்பதும் ஒன்றுதான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஈசிஜி. நெஞ்சு வலியோடு வந்தவருக்கு 10 நிமிடத்துக்குள் எடுத்திருக்க வேண்டும். அந்த வரைபடத்தில் எஸ்.டி. எனப்படும் பகுதி உயர்ந்திருந்தால் டிரோபோனின் ரிசல்ட்டுக்காக ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது.

கேள்வி: அம்மாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. டிரோபோனின்-டி எப்போது பார்த்தாலும் 60-க்கு மேல். ஒவ்வொரு முறையும் பயமாக இருக்கிறது.

பதில்: நாள்பட்ட சிறுநீரக நோயில் இது சாதாரணமாகக் காணப்படுவது. மாரடைப்பைக் காட்டுவது ஏற்ற இறக்கம். ஒரே இடத்தில் நிற்கும் எண் அல்ல. ஏற்கெனவே உயர்ந்திருப்பவர்களுக்கு, அடுத்தடுத்த மாதிரிகளில் 20 சதவீதத்துக்கு மேல் மாறினால் புதிய சேதம் என்று சந்தேகிப்பார்கள். அம்மா நலமாக இருக்கும் நாளில் வந்த அளவைத் தேதியோடு குறித்து டயாலிசிஸ் நோட்டில் ஒட்டி வையுங்கள். அவசரத்தில் பார்க்கும் டாக்டருக்கு அதைப்போல உதவுவது வேறில்லை. இதற்காக அதை ‘பொய் பாசிட்டிவ்’ என்று ஒதுக்கவும் வேண்டாம். நிலையாக உயர்ந்திருப்பதும் இதயம் சிரமப்படுவதற்கான அடையாளம்தான்.

கேள்வி: முடி கொட்டுவதற்கு பயோட்டின் வைட்டமின் 10 மில்லிகிராம் சாப்பிடுகிறேன். இதயப் பரிசோதனையைக் கெடுக்குமா?

பதில்: கெடுக்கலாம். ஒருநாள் தேவை சுமார் 30 மைக்ரோகிராம். நீங்கள் எடுப்பது அதைப்போல 300 மடங்குக்கும் மேல். சில கிட்டுகள் பயோட்டின், ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் பிணைப்பை வைத்தே வேலை செய்கின்றன. ரத்தத்தில் மிதக்கும் பயோட்டின் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் டிரோபோனின் பொய்யாகக் குறைந்து தெரியும். அமெரிக்க உணவு, மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-இல் இதற்காகவே எச்சரிக்கை விட்டது. திட்டமிட்ட பரிசோதனை என்றால் இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். அவசரம் என்றால் டாக்டரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: சி.ஆர்.பி. 14 வந்திருக்கிறது. மூன்று குழாயும் அடைத்திருக்கும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

பதில்: அந்த எண்ணிலிருந்து குழாய்களை எண்ண முடியாது. சி.ஆர்.பி. என்ற புரதத்தைக் கல்லீரல் சுரக்கிறது. உடலில் எங்கே அழற்சி இருந்தாலும் ஏறும். ஈறு வீக்கம், சளிக் காய்ச்சல், மூட்டு வாதம் எதுவாகவும் இருக்கலாம். இதய ஆபத்தைக் கணிக்க ‘எச்.எஸ். சி.ஆர்.பி.’ என்ற நுண்ணிய வகை வேண்டும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் குறைந்த ஆபத்து, 1 முதல் 3 நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம். 10-ஐத் தாண்டினால் அது இதயக் கணக்கிலேயே வராது. காய்ச்சல், புண் ஆறி இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி எடுங்கள்.

கேள்வி: அண்ணனுக்கு 44 வயது, கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 120-தான். ஆனாலும் ஸ்டென்ட் வைத்தார்கள். எப்படி?

பதில்: பல லேப்களில் எல்.டி.எல். நேரடியாக அளக்கப்படுவதில்லை, கணக்குப் போட்டு எழுதப்படுகிறது. மொத்தக் கொழுப்பிலிருந்து நல்ல கொழுப்பான எச்.டி.எல்.லையும், டிரைகிளிசரைடு என்ற கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பது ஃபிரீட்வால்ட் சூத்திரம். மொத்தம் 210, எச்.டி.எல். 38, டிரைகிளிசரைடு 260 என்றால் எல்.டி.எல். 120. பார்க்க மோசமில்லை. ஆனால் குழாய்ச் சுவரில் படியும் எல்லாத் துகள்களையும் சேர்த்தால், அதாவது 210-இல் 38-ஐ மட்டும் கழித்தால், 172 வருகிறது. இந்த ‘நான் எச்.டி.எல்.’ எண்ணைப் பலரும் திரும்பிப் பார்ப்பதே இல்லை. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் சூத்திரமே செல்லாது.

தொப்பையும் சர்க்கரையும் உள்ள நம் மக்களிடம் எல்.டி.எல். துகள்கள் சின்னதாக, எண்ணிக்கையில் அதிகமாக இருப்பது வழக்கம். ஒவ்வொரு துகளிலும் அப்போ-பி புரதம் ஒன்றே ஒன்று இருப்பதால், அதை அளந்தால் துகள்களை எண்ணியதாகிவிடும். ஸ்டென்ட் வைத்தவருக்கு ஐரோப்பிய வழிகாட்டுதல்படி டெசிலிட்டருக்கு எல்.டி.எல். 55, நான் எச்.டி.எல். 85, அப்போ-பி 65 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் அச்சடித்திருக்கும் ‘நார்மல்’ எல்லை அவருக்கானது அல்ல.

இன்னொன்று: மாரடைப்பு வந்து ஒருநாள் கடந்தபின் எடுத்த கொழுப்பு அளவு இயல்பைவிடக் குறைந்து காட்டலாம். முதல் 24 மணி நேரத்துக்குள் எடுத்ததா என்று பாருங்கள்.

44 வயது என்பதால் லிப்போபுரோட்டீன் சின்ன ‘ஏ’ என்ற இன்னொரு கொழுப்புத் துகளையும் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும்.

கேள்வி: லிப்போபுரோட்டீன் சின்ன ‘ஏ’ எனக்கு 92 மில்லிகிராம். நடைப்பயிற்சியால் குறையுமா?

பதில்: குறையாது. பெரும்பாலும் மரபணு தீர்மானிப்பது. உணவு, உடற்பயிற்சி, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எதுவும் அதைக் குறைப்பதில்லை. டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராம், அல்லது லிட்டருக்கு 125 நானோமோல், இவற்றுக்கு மேல் உயர்வு. ஒரு அலகை இன்னொன்றாகப் பெருக்கி மாற்றாதீர்கள்; துகளின் பருமன் ஆளுக்கு ஆள் வேறு. செய்ய வேண்டியது, கையில் உள்ள மற்ற எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிப்பது: எல்.டி.எல்., ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை. நடைப்பயிற்சியை நிறுத்தாதீர்கள், அதன் பலன் வேறு இடங்களில் வருகிறது. உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.

கேள்வி: முதுநிலை மாணவி நான். ஏதாவது ஒரு ரத்த மார்க்கர், ஆஞ்சியோவில் தெரியும் அடைப்புகளுக்குப் போடும் மதிப்பெண்ணான ஜென்சினி ஸ்கோரோடு பொருந்துகிறது என்று நிறையக் கட்டுரைகள் வருகின்றன. பிறகு ஏன் ஆஞ்சியோவுக்குப் பதில் அவற்றைப் பயன்படுத்துவதில்லை?

பதில்: ஸ்கோர் எப்படி வருகிறது என்று முதலில் பாருங்கள். 25 சதவீத அடைப்புக்கு 1, 50-க்கு 2, 75-க்கு 4, 90-க்கு 8, 99-க்கு 16, முழு அடைப்புக்கு 32. இதை இடத்தைப் பொறுத்துப் பெருக்குவார்கள். இடது பிரதானத் தமனிக்கு 5, முன் இறங்கு தமனியின் தொடக்கத்துக்கு 2.5. அடைப்பின் இடமே விடையை மாற்றுகிறது. ரத்தத்தில் கலந்து ஓடும் ஒரு மூலக்கூறு அந்த இடத்தைச் சொல்ல வழியே இல்லை.

கூட்டமாகப் பார்த்தால் தொடர்பு தெரியும். தனி ஆளுக்கு வந்தால் கரைந்துவிடும். மூன்று குழாய் நோயாளிகளின் சராசரி எச்.எஸ். சி.ஆர்.பி. உயர்ந்திருந்தாலும், ஒரு குழாய் நோயாளிகளின் அளவுகளோடு அது பெரிதும் கலந்து கிடக்கும். கட்டுரை படிக்கும்போது சில கேள்விகளை விடாமல் கேளுங்கள். மாரடைப்பு வந்தவர்களையும் நிலையான ஆஞ்சைனாக்காரர்களையும் ஒன்றாகக் கலந்தார்களா? கலந்திருந்தால் மார்க்கர் காட்டுவது திடீர்ச் சேதத்தை. ரத்தம் ஆஞ்சியோவுக்கு முன்பா, பின்பா? சர்க்கரை, சிறுநீரகச் செயல்பாடு, ஸ்டாட்டின் இவற்றைச் சரிக்கட்டிய பிறகும் தொடர்பு நிற்கிறதா? வயது, பாலினம், சர்க்கரை, புகை ஆகியவை ஏற்கெனவே சொல்லிவிட்டதற்கு மேல் இந்த மார்க்கர் புதிதாக என்ன சொன்னது? கடைசிக் கேள்வியில்தான் பெரும்பாலானவை விழுகின்றன. ஆய்வேடு எழுதப் போகிறீர்கள் என்றால் அதிலிருந்தே தொடங்குங்கள்.

கேள்வி: லேப்பில் ‘ஹார்ட் பேக்கேஜ்’ ஒன்றில் ஹோமோசிஸ்டீன், டி-டைமர், என்.டி. புரோ பி.என்.பி. எல்லாம் இருக்கின்றன. எடுக்கலாமா?

பதில்: அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு டி-டைமர் வேண்டாம், அது நுரையீரலிலும் கால் ரத்தக் குழாயிலும் ரத்தக் கட்டி இருக்குமோ என்ற சந்தேகத்துக்கு. ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தை வைட்டமினால் குறைத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளில் மாரடைப்பு குறையவில்லை. என்.டி. புரோ பி.என்.பி. இதயச் செயலிழப்புக்கானது, மூச்சுத் திணறலோடு வந்தவருக்கு அது 300 பிக்கோகிராமுக்குக் கீழே இருந்தால் திடீர்ச் செயலிழப்பு அநேகமாக இல்லை. உடல் பருமன் அதைக் குறைத்துக் காட்டும்; வயதும் சிறுநீரகக் கோளாறும் ஏற்றும்.

அந்தப் பணத்தில் கொழுப்புப் பட்டியல், அப்போ-பி, சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைக்கு எச்.பி.ஏ.1சி எடுங்கள், லிப்போபுரோட்டீன் சின்ன ‘ஏ’ வாழ்நாளில் ஒருமுறை. கூடவே ஹீமோகுளோபினும் பாருங்கள். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் எச்.பி.ஏ.1சி உண்மையைவிட ஏறிக் காட்டும்.