வேலையை விட்ட பிறகும் வந்த சம்பளம்

கேள்வி: அக்கா, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் மாதம் 3,000 வெள்ளி சம்பளத்தில் ஆறு வருடம் வேலை செய்தேன். ஏப்ரல் கடைசியோடு நின்றுவிட்டேன். மே மாதமும் வங்கியில் 2,649 வெள்ளி ஏறியது. ஐந்து நாள் ஆண்டு விடுப்பு பாக்கி இருந்தது, அந்தப் பணமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சைக்குச் செலவாகிவிட்டது. இப்போது, 14 நாளில் 3,000 வெள்ளி கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு என்று கம்பெனியிலிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்திருக்கிறது. தப்பு அவர்களுடையது. நான் ஏன் கட்ட வேண்டும்?
(வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: தங்கச்சி, கட்டத்தான் வேண்டும். தவறுதலாகக் கொடுத்த பணத்தை வாங்கியவர் திருப்பித் தர வேண்டும் என்கிறது மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73வது பிரிவு. தவறு கம்பெனியுடையது என்பதால் அந்தக் கடமை போய்விடாது. ஐந்து நாள் விடுப்புக்கு அவ்வளவு வராது என்று உங்களுக்கும் அப்போதே உறுத்தியிருக்கும்.

ஆனால் 3,000 வெள்ளியைக் கட்டிவிடாதீர்கள். அதில் 11 விழுக்காடு, 330 வெள்ளி, சேமநிதிக்குப் போயிருக்கிறது. மிச்சம் இருபது வெள்ளி சொச்சம் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்கும் வேலைக் காப்புறுதிக்கும் போனது. அவற்றைக் கம்பெனிதான் அந்தந்த இடத்தில் எழுதிக் கேட்டுச் சரிசெய்ய வேண்டும். உங்கள் கைக்கு வந்ததைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

அப்புறம், அந்த ஐந்து நாள். ஏப்ரல் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். விடுப்புப் பணம் அதில் இல்லையென்றால் கம்பெனி உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. 3,000ஐ 26ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 115 வெள்ளி சொச்சம், ஐந்து நாளுக்கு ஏறக்குறைய 577. இதைக் கழித்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள், கூச்சம் வேண்டாம். மறுத்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம்.

நான் பிறை நகரில் 24 வருடம் சம்பளக் கிராணியாக இருந்தவள். எங்களுக்கு 20ஆம் தேதி கணக்கு முடியும். ராஜினாமாக் கடிதம் மேசைக்கு வர இரண்டு நாள் பிந்தினாலும் பெயர் சம்பளப் பட்டியலில் அப்படியே இருந்துவிடும். அப்படி என் கையால் ஒருவருக்கு ஒரு மாதச் சம்பளம் கூடுதலாகப் போனது. ஆயர் ஈத்தாமிலிருந்து பஸ்ஸும் ஃபெர்ரியும் பிடித்து வந்து, உறையில் போட்ட பணத்தை என் மேசைமேல் வைத்தார் அந்தப் பெரியவர். பாதிதான் இருந்தது. "மீதியை மூன்று மாதத்தில் தருகிறேன், எழுதிக்கொள்ளம்மா" என்றார். எங்கள் மேலாளர் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். தவறு எங்களுடையது என்று அவருக்குத் தெரியும்.

நீங்களும் தவணை கேளுங்கள். வேலையில் இருப்பவரிடமே ஒரு மாதச் சம்பளத்தில் பொதுவாகப் பாதிக்கு மேல் பிடிக்கக் கூடாது என்கிறது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். வேலையை விட்டுப்போன உங்களிடம் முழுத் தொகையையும் 14 நாளில் கேட்பது நியாயமில்லை. மாதம் 300 வெள்ளிதான் முடியும் என்றால் அதையே, அம்மாவின் சிகிச்சைச் செலவையும் குறிப்பிட்டு, மின்னஞ்சலில் எழுதுங்கள். வாட்ஸ்அப் பேச்சு போதாது. வங்கிக் கணக்கு விவரத்தைக் கம்பெனிக் கடிதத்தாளில் கேட்டு வாங்குங்கள். யாருடைய சொந்தக் கணக்கிலும் பணம் போடாதீர்கள். கடைசித் தவணை கட்டியதும், பாக்கி எதுவும் இல்லை என்று ஒரு கடிதம் வாங்கிச் சம்பளச் சீட்டுகளோடு வைத்துக்கொள்ளுங்கள்.