பக்கத்து ஊர்க் கல்லூரியும் பால்டிமோரும்

போன வாரம் டெக்ஸாஸ் மாநிலம் பிளேனோவிலிருந்து ஒரு தம்பதி பேசினார்கள். மகளுக்கு டாக்டராக ஆசை. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸிலும், வீட்டுக்குப் பக்கத்திலேயே ரிச்சர்ட்சனில் இருக்கும் யுடி டாலஸிலும் (டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் கிளை) இடம் கிடைத்திருக்கிறது. "ஹாப்கின்ஸ் கிடைச்சும் உள்ளூர்க் காலேஜான்னு சிகாகோ அண்ணனும் கோயம்புத்தூர் மாமனாரும் கேக்கறாங்க, என்ன பதில் சொல்றது சார்?" என்று அம்மா கண் கலங்கினார். அப்பா பொள்ளாச்சித் தென்னந்தோப்புக்கு விலையே பேசி முடித்திருந்தார்.

கெட்டிக்காரப் பெண், எங்கே போனாலும் நன்றாக வருவாள் என்று கொஞ்ச நேரம் ஆறுதல் சொன்னேன். தோப்பு விற்கிற பேச்சு வந்ததும் ஆறுதலை நிறுத்திவிட்டேன். அவர்களிடம் சொன்னதை இங்கே அப்படியே எழுதுகிறேன்.

அண்ணன் சொல்லும் பெரிய காரணம், அங்கே டாக்டர் படிப்பு இலவசம் என்பது. 2024இல் ப்ளூம்பெர்க் அறக்கட்டளை நூறு கோடி டாலர் கொடுத்தது உண்மை. ஆண்டு வருமானம் 3 லட்சம் டாலருக்குக் குறைவான குடும்பத்து மாணவர்களுக்கு எம்.டி. (அமெரிக்காவில் டாக்டர் ஆவதற்கான பட்டம்) கல்விக் கட்டணம் கிடையாது என்பதும் உண்மை. ஆனால் அது மருத்துவக் கல்லூரியில். உங்கள் மகளுக்குக் கிடைத்திருப்பது அதற்கு முந்தைய நான்கு ஆண்டு இளநிலைப் படிப்பு. அதை அங்கே முடித்தாலும், மருத்துவ இடத்துக்கு எல்லோரையும் போல மறுபடி விண்ணப்பித்துத்தான் நுழைய வேண்டும். மருத்துவத்துக்குத் தயாராவதை 'ப்ரீ-மெட்' என்பார்கள், ஆனால் அப்படி ஒரு பட்டமே இல்லை. உயிரியல், வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல், உயிர்வேதியியல் பாடங்களை முடித்து எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதினால் போதும், பட்டம் எதிலும் இருக்கலாம்.

விண்ணப்பிப்பவர்களில் பாதிப் பேருக்குக் கூட இடம் கிடைப்பதில்லை. சேர்கிறவர்களின் சராசரி ஜிபிஏ (நான்குக்குக் கணக்கிடும் கல்லூரி மதிப்பெண்) சில ஆண்டுகளாகவே 3.75க்கு மேல்தான். கல்லூரி பெயருக்காக அந்த ஜிபிஏவில் யாரும் ஒரு புள்ளி கூட்டித் தருவதில்லை. முதல் வருடமே ஒரு 'சி' வாங்கிவிட்டால், அது கடைசிவரை கூடவே வரும்.

இனி பணம். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். இவர்கள் சம்பளத்துக்கு உதவித்தொகை எதுவும் வரவில்லை. அங்கே தங்கும் செலவோடு சேர்த்து ஆண்டுக்கு 90,000 டாலரை ஒட்டி ஆகும், நான்கு வருடத்துக்கு மூன்றரை லட்சம். முன்பு அரசு தரும் பெற்றோர் கடனில் வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம். 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குபவர்களுக்கு அந்தப் பேரண்ட் ப்ளஸ் கடன் ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 டாலர்தான். மருத்துவம் படிக்கும்போது மாணவர்கள் நம்பியிருந்த கிராட் ப்ளஸ் கடனும் புதியவர்களுக்குக் கிடையாது. அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2 லட்சம், அவ்வளவுதான். கையில் இருப்பதை இளநிலையிலேயே கரைத்துவிட்டால், உண்மையான டாக்டர் படிப்பு தொடங்கும்போது தனியார் வங்கி வட்டிக்குத்தான் போய் நிற்க வேண்டும். தோப்பை விற்காதீர்கள். விற்றே ஆக வேண்டுமென்றால் நான்கு வருடம் கழித்து விற்கலாம்.

(இந்தப் பெண் இங்கே பிறந்தவள். வேலை விசாவில் இருப்பவர்களின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு அரசுக் கடனே கிடையாது. கிரீன் கார்டு இல்லாதவர்களைப் பல மருத்துவக் கல்லூரிகள் எடுப்பதும் இல்லை. அவர்கள் இன்னும் பலமடங்கு யோசிக்க வேண்டும்.)

அப்புறம் பெண்ணிடம் பேசினேன். அதுவரை அவளை யாரும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. இரண்டு வருடமாகக் கோடை விடுமுறையில் காது கேளாத குழந்தைகளோடு நேரம் செலவழித்திருக்கிறாள். கருவி பொருத்திய ஒரு குழந்தை முதல்முறை தன் பெயருக்குத் திரும்பிப் பார்த்ததைச் சொல்லும்போது அவள் குரலே மாறிவிட்டது.

அப்போதுதான் எனக்கு யுடி டாலஸின் இன்னொரு பக்கம் நினைவுக்கு வந்தது. 1990இல்தான் அது முதலாண்டு மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கியது. சொந்தக்காரர்களுக்கு அதன் பெயர் தெரியாததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் பேச்சு, செவித்திறன் கோளாறுகளுக்கான காலியர் மையம் இந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. ரிச்சர்ட்சன் வளாகத்தில் ஒன்று, டாலஸ் நகரில் இன்வுட் சாலையில் ஒன்று. இன்வுட் சாலை மையத்துக்குப் பக்கத்திலேயே யுடி சவுத்வெஸ்டர்ன் மருத்துவக் கல்லூரி. பேச்சு-மொழி-செவித்திறன் அறிவியலில் இளநிலைப் பட்டம் இங்கே உண்டு. அதைப் படித்துக்கொண்டே மருத்துவத்துக்கு வேண்டிய பாடங்களையும் எடுக்கலாம். காக்ளியர் கருவி (காது கேட்க உள்காதில் பொருத்துவது) பொருத்திய குழந்தைகளுக்குப் பயிற்சி நடக்கும் இடம் அவள் படிக்கும் துறையிலேயே இருக்கும். கிரீன் ஃபெலோஸ் என்று ஒரு திட்டமும் இருக்கிறது: தேர்வாகும் மாணவர்கள் ஒரு வசந்தப் பருவம் முழுக்க சவுத்வெஸ்டர்ன் ஆய்வகத்தில் முழுநேரம் வேலை செய்யலாம். போட்டி கடுமைதான், ஆனால் அது யுடி டாலஸ் மாணவர்களுக்கென்றே இருக்கும் வாய்ப்பு. நடுவில் மனம் மாறி டாக்டர் வேண்டாம் என்றால், செவித்திறன் துறையில் ஏயுடி என்ற முனைவர் படிப்பும், பேச்சு சிகிச்சை முதுநிலையும் அதே இடத்தில் உண்டு. நான்கு வருடமும் வீணாகாது.

கட்டணம் டெக்ஸாஸ்வாசிகளுக்கு ஆண்டுக்கு 16,000 டாலரை ஒட்டி. சேரும்போது சொன்ன கட்டணத்தை நான்கு வருடத்துக்கு ஏற்றுவதில்லை. சாப்பாடும் தூக்கமும் வீட்டில். மேலும் டெக்ஸாஸ் அரசு மருத்துவக் கல்லூரிகள் 90 சதவீத இடத்தை மாநிலத்தவருக்கே கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பால்டிமோர் போனாலும் பெற்றோர் இங்கே இருக்கும்வரை அந்த உரிமை போகாது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் டாலஸ் மருத்துவமனைகளில் நான்கு வருடம் அவள் செய்யும் சேவையை விமான டிக்கெட் போட்டுச் செய்ய முடியாது.

அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது என்று அம்மா மறுபடி கேட்டார். மீதி மூன்று லட்சம் யார் கொடுப்பது என்று அவரிடமே கேளுங்கள் என்றேன். மே 1க்குள் எந்த இடம் என்று உறுதி செய்ய வேண்டும். அதற்கு முன் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு மகளோடு காலியர் மையத்துக்குப் போய்வரச் சொல்லியிருக்கிறேன். அவள் கேள்வி கேட்கட்டும், நீங்கள் பேசாமல் கூட நில்லுங்கள் என்றும் சொன்னேன்.